தாள் இல்லாமல் பத்து நிமிஷம்

திருவண்ணாமலை
7-5-1961

அன்புள்ள தம்பி நீலகண்டனுக்கு,

அண்ணன் சோமசேகரன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணி உண்ணாமுலையும் சுகமாக இருக்கிறோம். வெயிலில் எனக்கு மூக்கில் ரத்தம் வருகிறது. அது வருஷா வருஷம் வருவதுதான், கவலைப்பட ஒன்றுமில்லை. பட்டணத்து வெயிலில் நீயும் கஸ்தூரியும் எப்படி இருக்கிறீர்கள்?

நீ ரயில் பார்சலில் அனுப்பிய பெட்டி நேற்று வந்து சேர்ந்தது. ஸ்டேஷனிலிருந்து ஜட்கா முருகையன் கொண்டுவந்தான். இறக்கும்போது, "இம்மாம் நீளம் கீது, உள்ள யாராச்சும் படுத்துனு கீறாங்களா சார்?" என்றான். உண்ணாமுலை அவனைத் திட்டி அனுப்பினாள். பிறகு இரண்டு பேரும் பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திறந்தால் உன் கித்தார். கஸ்தூரியின் பழைய புடவையில் சுற்றியிருந்தது. பக்கத்தில் ஓர் இங்கிலீஷ் பாடப் புத்தகம். கடிதம் இருக்கும் என்று புடவையை இரண்டு முறை உதறிப் பார்த்தேன். இல்லை.

இருபத்து நாலு வருஷமாக நீ வாசித்த வாத்தியம். அதை ஏன் எனக்கு அனுப்பினாய்? கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல்தான் கேட்கிறேன். இந்தப் பெட்டி இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று நைனா சொன்ன அன்று, நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு நைனா காரியத்துக்கு வந்தவன் அன்று சாயங்காலமே திரும்பிப் போனாய். பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வருஷமும் தீபத்துக்கு வா என்று எழுதுகிறேன். வேலை இருக்கிறது என்று நீ எழுதுகிறாய். இந்த வருஷமும் எழுதுகிறேன்: கார்த்திகைத் தீபத்துக்கு வா.

பெட்டியை என் மேஜைக்கு அடியில் எலி அண்டாத இடமாக வைத்திருக்கிறேன்.

உன் நலம் கோரும்
சோமசேகரன்


சென்னை
20-5-1961

அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் உயிரோடு இருக்கிறோம். உன் மூக்குக்கு அண்ணியை வெங்காயம் நறுக்கி முகரக் கொடுக்கச் சொல்.

எலிக்குப் பயந்து மேஜைக்கு அடியில் வைப்பதற்கா அனுப்பினேன்? எடுத்து வாசி. முப்பத்தைந்து வருஷம் தாலுகா ஆபீசில் உட்கார்ந்து ஊரார் நிலத்தையெல்லாம் படம் போட்டாய். உனக்கென்று என்ன போட்டுக்கொண்டாய்? சின்ன வயசில் கோயில் மண்டபத்தில் நாகஸ்வரம் கேட்டுவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு முனகுவாயே, எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா?

ஒரு பந்தயம் வைத்துக்கொள்வோம். எதிரில் தாள் இல்லாமல், முன்னாலேயே எழுதி வைக்காமல், மனசில் வருகிறதை அப்படியே பத்து நிமிஷம் நீ வாசிக்க வேண்டும். வாசித்த அன்று எனக்கு உண்மையாக ஒரு வரி எழுது. தீபத்துக்கு வருகிறேன். உன் வீட்டில் தங்குகிறேன், அண்ணி கையால் சாப்பிடுகிறேன்.

முதல் பாடம். மெல்லிய கம்பியை மட்டும் எடுத்துக்கொள். அதில் ச ரி க ப த, இந்த ஐந்து இடங்களைக் காதால் கண்டுபிடி. அந்த ஐந்தை வைத்து ஒரு கேள்வி கேள். அப்புறம் அதற்குப் பதில் சொல். அண்ணியும் நீயும் பேசிக்கொள்வது மாதிரி. அண்ணி கேள்வி நீளமாக இருக்கும், உன் பதில் சின்னதாக இருக்கும்.

நீலு


திருவண்ணாமலை
11-6-1961

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு எங்களுக்கு உண்டான சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. வெங்காயம் வேலை செய்தது. கஸ்தூரிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறதா?

தங்குகிறேன் என்று நீ எழுதிய வரியை உண்ணாமுலை என்னை மூன்று முறை படிக்கச் சொன்னாள். பிறகு, "அப்போ இனிமே எல்லாம் உங்க கைல கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை. இந்த வயதில், அறுபதில், ஒருவன் வீட்டுக்கு வருவதும் வராததும் என் விரலில் இருக்கிறது என்றால் எப்படித் தூங்குவது?

எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். கித்தாரின் கழுத்தை அளந்து, வரைபடத் தாளில் அளவு மாறாமல் போட்டேன். ஆறு கம்பி, கம்பிக்குப் பன்னிரண்டு கட்டம், மொத்தம் எழுபத்திரண்டு. மேளகர்த்தாவும் எழுபத்திரண்டு. இதில் ஏதும் பொருள் உண்டா? ஒவ்வொரு கட்டத்துக்கும் சர்வே நம்பர் போட்டிருக்கிறேன். நீ சொன்ன ஐந்து ஸ்வரங்களுக்கும் பச்சை மை.

சில சந்தேகங்கள். பாடப் புத்தகத்தின் படத்தில் தடித்த கம்பி மேலே இருக்கிறது, மெல்லியது தரைப் பக்கம் இருக்கிறது. நம்முடையதில் தலைகீழாக இருக்கிறது. கம்பி மாற்றிக் கட்டியவர் தவறிவிட்டாரா? சரி செய்யலாமா? அடுத்தது, மீட்டும் கை. அழுத்தும் விரல்களைப் பற்றி எழுதினாய். எந்த விரலால், எப்படி மீட்டுவது என்று எழுதவில்லை. எனக்கு ஓசை தகரம் போல வருகிறது. பால்காரர் சடையன் நேற்று வாசலில் நின்று, "வாத்தியமா? நான் யாரோ சட்டி கழுவுறாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

இன்னொன்று. கித்தார் இங்கே இருக்க, பாட்டு ரிக்கார்டிங்குக்கு நீ ஸ்டூடியோவுக்கு எதை எடுத்துப் போகிறாய்?

கஸ்தூரியிடம் சொல்: உன் கடிதத்தின் இடது ஓரத்தில் டம்ளரை வைத்துவிட்டாள், வளையம் பதிந்திருக்கிறது. எழுத்து எதுவும் அழியவில்லை.

அன்புடன்
சோமசேகரன்


சென்னை
2-7-1961

அண்ணாவுக்கு,

கஸ்தூரியின் மூட்டு அப்படியேதான் இருக்கிறது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

எழுபத்திரண்டுக்கு ஒரு பொருளும் இல்லை. சர்வே நம்பரை அழி. கம்பியைத் தொடாதே, எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும்.

இப்போது ஏழு ஸ்வரம். சங்கராபரணத்துக்கான கட்டங்களை மட்டும் எடுத்துக்கொள். ச-வில் புறப்பட்டு ச-வில் வந்து நின்றால் சங்கராபரணம். ஒரு கட்டம்கூட மாற்றாமல், ரி-யைச் சொந்த வீடாக நினைத்துக்கொண்டு புறப்பட்டு ரி-யிலேயே வந்து நில். கரகரப்ரியா ஆகிவிடும். ம-வில் நின்றால் கல்யாணி. எங்கள் பாண்டு மாஸ்டர் இதை மோடு என்பார். நம்மவர்கள் கிரகபேதம் என்பார்கள். உனக்கு நான் வேறு மாதிரி சொல்கிறேன். கிழக்கு கோபுரத்தில் நின்றால் ஒரு மலை தெரிகிறது. மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் நின்று பார்த்தால் அது வேறு மலை. மலை நகர்ந்ததா? நீ நின்ற இடம் மாறியது, அவ்வளவுதான்.

விரல் தப்பான கட்டத்தில் விழும். விழுந்தால் நெருப்பைத் தொட்டவன் மாதிரி எடுத்துவிடாதே. பக்கத்துக் கட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போ. கேட்கிறவனுக்கு அதுதான் அழகு என்று தோன்றும்.

நீலு


திருவண்ணாமலை
28-7-1961

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே ஒரு மழை பெய்து வெயில் தணிந்தது. எனக்கு விரல் நுனிகள் காய்த்துப்போனதைத் தவிர வேறு குறை இல்லை. உன் உடம்பைப் பற்றி நீ எழுதவே இல்லை. கஸ்தூரியின் மூட்டைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறாய்.

மலை உதாரணம் என்னை உலுக்கிவிட்டது. மறுநாள் அடி அண்ணாமலைக்கு நடந்தே போய்ப் பார்த்தேன். பிறந்தது முதல் இந்த ஊரில் இருக்கிறேன். இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்ததே இல்லை. திரும்பி வந்து அதே கட்டங்களில் ம-வில் போய் நின்றேன். கல்யாணி வந்தது. நானே வரவழைத்தேன் என்று நம்ப முடியாமல் உண்ணாமுலையைக் கூப்பிட்டேன். "இது வேற என்னமோ மாதிரி கீதே, நல்லாத்தான் கீது" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் தாளை எடுத்துவிட்டால் கை நின்றுவிடுகிறது. அடுத்தது எது என்று எதிரில் எழுதியிருந்தால்தான் விரல் நகர்கிறது. எல்லைக் கல் இல்லாத நிலத்தில் கால் வைத்தது போலத் திகைத்துப் போகிறேன். இது பழகினால் போகுமா, அல்லது என் சுபாவமா?

மீட்டுவதைப் பற்றி மறுபடி கேட்கிறேன், கோபிக்காதே. கட்டைவிரலா, ஆள்காட்டி விரலா? ஸ்டூடியோவைப் பற்றியும் கேட்டிருந்தேன். மறந்திருப்பாய்.

அன்புடன்
சோமசேகரன்


திருவண்ணாமலை
10-9-1961

அன்புள்ள தம்பிக்கு,

நான் எழுதி ஆறு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே கையை ஆட்டிவிடுகிறார், ஒன்றுமில்லை என்று. உங்கள் இருவருக்கும் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு கார்டாவது போடு. நான் போன கடிதத்தில் தப்பாக ஏதாவது கேட்டுவிட்டேனா என்று நகலை எடுத்துப் பலமுறை படித்தேன். என் கடிதங்களுக்கு நகல் வைத்துக்கொள்வேன் என்று உனக்குத் தெரியும்.

ஒரு நல்ல செய்தி. செப்டம்பர் எட்டாம் தேதி காலை, அலாரம் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, தாள் இல்லாமல் பத்து நிமிஷம் வாசித்தேன். கரகரப்ரியா. ஒரு பிழையும் வரவில்லை. உண்ணாமுலை சாட்சி.

தீபத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறது. மாடி அறைக்கு வெள்ளை அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்
சோமசேகரன்


சென்னை
24-9-1961

அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். எழுத முடியவில்லை. வேறொன்றுமில்லை.

பத்து நிமிஷம் ஒரு பிழையும் இல்லையா? அண்ணா, நானே இருபத்து நாலு வருஷத்தில் அப்படி ஒரு நாள் வாசித்ததில்லை. பிழை இல்லையென்றால் அது எங்கேயோ எழுதி வைத்தது. எந்த நோட்டில், எத்தனை பக்கம்?

உண்மையாக எழுது என்றுதானே சொன்னேன்.

நீலு


திருவண்ணாமலை
15-10-1961

அன்புள்ள தம்பிக்கு,

நாற்பது பக்க நோட்டு. நாற்பத்தெட்டு வரிசைகள், எண் போட்டு எழுதி, மனப்பாடம் செய்தேன். எதிரில் தாள் இல்லை என்பது மட்டும் உண்மை. நான் பொய் எழுதியது அநேகமாக இதுவே முதல் தடவை, அதையும் உனக்கு எழுதினேன். நீ வரவேண்டும் என்பதற்காக எழுதினேன் என்று சொன்னால் அது சமாதானம் ஆகாது.

உண்ணாமுலை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். "நேத்து வாசிச்சதேதான் இன்னிக்கும் வாசிக்கிறீங்க. நடுவுல நேத்து தும்மினீங்களே, இன்னிக்கும் அதே எடத்துல நிறுத்துறீங்க" என்றாள். சாட்சி என்று அவள் பெயரை எழுதியதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நோட்டைப் பரண் மேல் போட்டுவிட்டேன். அதன் பிறகு தினமும் வெறுங்கையோடு உட்காருகிறேன். மூன்று நிமிஷம் போகிறது. அதற்குமேல் வெறும் வெள்ளைத் தாளைப் பார்ப்பது போல இருக்கிறது.

அப்படிக் கை நின்றுபோன ஒரு காலையில்தான் வாத்தியத்தையே உற்றுப் பார்த்தேன். இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். தேய்மானத்தைப் பார்த்து வரப்பு போன வழியைச் சொல்வது என் தொழிலாக இருந்தது. மீட்டுகிறவனின் முழங்கை உரசி வார்னிஷ் போயிருக்க வேண்டிய இடம் புத்தம் புதிதாக இருந்தது. வார்னிஷ் தேய்ந்து மரம் தெரிந்த இடம் என் தொடை மேல் இருந்தது. கித்தாரைத் திருப்பிப் பிடித்தேன், கழுத்து வலது பக்கம் வருகிற மாதிரி. தடித்த கம்பி மேலே வந்தது. தேய்ந்த இடம் இடது முழங்கைக்குக் கீழே சரியாக வந்து உட்கார்ந்தது.

கம்பி கட்டியவர் தவறவில்லை. நீ இடது கையால் மீட்டுகிறாய். நீ வாசித்து நான் பார்த்ததே இல்லை. ரேடியோவில் கேட்டதோடு சரி.

உனக்கு ஆறு வயது, எனக்குப் பதினேழு. இடது கையால் எழுதுகிறான், அந்தக் கையைக் கட்டி வைத்து எழுத வை என்று நைனா என்னிடம்தான் சொன்னார். துண்டால் உன் இடது கையை மேஜைக் காலில் கட்டினேன். உன் இடது பக்கம் ஒட்டி உட்கார்ந்து, அந்தக் கை அசையாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டு மாதம். நீ வலது கையால் எழுதத் தொடங்கியதும் நைனா என்னைப் பாராட்டினார். நானும் உன்னைச் சரி செய்துவிட்டதாகத்தான் நாற்பத்து மூன்று வருஷமாக நினைத்திருந்தேன்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

சோமசேகரன்


சென்னை
2-11-1961

அண்ணாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமென்று நினைக்கிறேன்.

கை கட்டிய கதையை இப்போது எதற்கு எடுத்தாய்? நான் கேட்டேனா? சரி, எடுத்துவிட்டாய், எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன். முடிச்சுப் போட்டபின் ஒவ்வொரு நாளும் அதற்குள் ஒரு விரலை விட்டுப் பார்ப்பாய். எனக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்தாயா, அவிழக் கூடாது என்று பார்த்தாயா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்தத் தீபத்துக்கு நான் வரவில்லை. ஸ்டூடியோவில் ராப்பகலாக வேலை. பந்தயத்தை மறந்துவிடு. மாடிக்கு வெள்ளை அடித்த செலவு வீண்.

கித்தார் உன்னிடமே இருக்கட்டும். இனிமேல் எப்போதும்.

நீலகண்டன்


திருவண்ணாமலை
8-11-1961

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டுக்கும்தான் பார்த்தேன். உனக்கு வலிக்கவும் கூடாது, அவிழ்ந்து நைனாவிடம் நான் திட்டு வாங்கவும் கூடாது. நான் அப்படிப்பட்டவன். ஒரு விரலால் இரண்டையும் பார்த்துக்கொண்டேன். இதைவிட உண்மையாக எனக்கு எழுத வராது.

இப்போது உன்னைப் பற்றி எழுதப் போகிறேன். நேருக்கு நேர் கேட்க எனக்கு வராது. பார்த்ததை எழுதுகிறேன், தவறாக இருந்தால் திருத்து.

ராப்பகலாக வேலை இருக்கிறவன் வாத்தியத்தை எப்போதும் வைத்துக்கொள் என்று எழுத மாட்டான். உன் கித்தார் இடது கைக்காரனுக்கென்று கட்டியது; ஸ்டூடியோவில் இரவல் கேட்டால் கிடைக்கிற வாத்தியம் அல்ல. மீட்டும் கையைப் பற்றி உன்னை மூன்று கடிதத்தில் கேட்டதாக நினைத்திருந்தேன். நகலைப் பார்த்தேன், இரண்டு முறைதான் கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் நீ பதில் எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாய்.

நேற்று உன் கடிதங்களை மேஜையில் வரிசையாக வைத்தேன். மே மாதம் முதல் வந்தவை நான்கு, அதற்கு முந்தைய வருஷங்களில் வந்தவை பதினொன்று. பழைய பதினொன்றிலும் வரிகள் அடிக்கோல் வைத்தது போல நேராக இருக்கின்றன. இந்த நான்கிலும் வரிகள் போகப் போகக் கீழே இறங்குகின்றன. பாகைமானி வைத்துப் பார்த்தேன். மே மாதம் இரண்டு பாகை, கடைசிக் கடிதத்தில் ஐந்து. முதலில் உன் கண்ணோ வலது கையோ தளர்ந்துவிட்டது என்று பயந்தேன். ஆனால் எழுத்துகள் நடுங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் திடமாக இருக்கிறது. நகர்ந்தது கை அல்ல, தாள். எழுதும்போது தாள் நழுவிக்கொண்டே போயிருக்கிறது.

நான்கு கடிதத்திலும் இடது ஓரத்தில், அதே இடத்தில், டம்ளர் வளையம். கஸ்தூரியின் கவனக்குறைவு என்று எழுதினேன். அவளிடம் என் மன்னிப்பைச் சொல். எழுதுகிறவன் தாளை இடது கையால் பிடித்துக்கொள்வான். நீ அந்த இடத்தில் டம்ளரை வைத்திருக்கிறாய்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் உண்ணாமுலையிடம் சொன்னேன். அவள், "எனக்குப் பார்சல் வந்த அன்னிக்கே சந்தேகம்தான். நீங்க அளந்து முடிக்கட்டும்னு இருந்தேன்" என்றாள். பிறகு, "தம்பி எப்படிச் சட்டைக்குப் பொத்தான் போடுது?" என்று கேட்டாள்.

என்ன ஆயிற்று, எப்போது ஆயிற்று, வைத்தியர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நீ சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். இந்த வீட்டில் கட்டுண்ட கை அது, அதைத் தூக்க முடியாமல் இந்த வீட்டுக்கு வரக் கூடாது என்று நினைத்திருப்பாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஆனால் ஒன்றைப் பார். கித்தாரை உன் மாதிரி பிடித்தால், கழுத்தில் கட்டங்களை அழுத்துவது வலது கை. மலையை எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது, தப்பான கட்டத்திலிருந்து எப்படி இழுத்துக்கொண்டு போவது, எல்லாம் அந்த வலது கையில்தான் இருக்கிறது. இடது கை செய்தது மீட்டுவது மட்டும். எனக்கோ கட்டங்கள்தான் பயம், அடுத்தது எது என்று தெரியாத பயம். மீட்டுவதற்கு அது தெரிய வேண்டாம்.

உன் இடது பக்கத்தில் நான் உட்காருகிறேன். எங்கே உட்கார வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அங்கே உட்கார்ந்தால் என் வலது கை கம்பிக்கு எட்டுகிறது; இரண்டு நாற்காலி போட்டு, உன் இடத்தில் தலையணையை வைத்து அளந்து பார்த்துவிட்டேன். எந்த ஸ்வரத்தை நீ அழுத்தப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது. எழுதி வைத்துக்கொள்ள வழியே இல்லை. பத்து நிமிஷம் ஓடுமா என்பது எனக்குத் தெரியாது. பந்தயப்படி இது செல்லுமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை வண்டியில் கித்தாரோடு புறப்படுகிறேன். விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும் என்பதை நினைத்தால் இப்போதே படபடப்பாக இருக்கிறது. இருந்தாலும் வருகிறேன். நோட்டைக் கொண்டுவரவில்லை.

சோமசேகரன்


சென்னை
10-11-1961

அண்ணாவுக்கு,

நீ புறப்படாதே. விழுப்புரத்தில் நீ தப்பான வண்டி ஏறி, கித்தாரோடு திருச்சியில் இறங்குவாய்.

மார்ச்சில் ஆயிற்று. ரிக்கார்டிங் நடுவில் இடது கை விழுந்துவிட்டது. வைத்தியர் நேராக எதுவும் சொல்லவில்லை. சட்டைப் பொத்தான் கஸ்தூரி போடுகிறாள் என்று அண்ணியிடம் சொல். டம்ளரை இன்று எடுத்துவிட்டோம். இந்தக் கார்டை அவள்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எழுதுவதை எல்லாம் படித்துவிட்டு அழுகிறாள், கார்டு அசைகிறது, பாகைமானியை எடுக்காதே.

தீபத்துக்கு முதல் நாள் நாங்கள் வருகிறோம். ஸ்டேஷனுக்கு முருகையனை அனுப்பு. வாசல் படியில் என் இடது பக்கம் நீ நில்.

மீட்டுவது எப்படி என்று கேட்டாய். கட்டைவிரலைக் கம்பி மேல் வை. நான் அழுத்தும் வரை காத்திரு. அப்புறம் விடு.

நீலு